சீன எழுத்து எழுதிப் பழக எது சரி: கட்ட நோட்டா, செயலியா, ஆசிரியரா?

பிள்ளையைச் சீனப்பள்ளியில் சேர்த்துவிட்டு வீட்டுப்பாட நோட்டைப் புரட்டிப் பார்க்கும் மலேசியத் தமிழ்ப் பெற்றோருக்கும், மருத்துவம் படிக்கச் சீனாவுக்குக் கிளம்பும் தமிழக மாணவருக்கும் வரும் கேள்வி ஒன்றுதான். இந்த எழுத்துகளை எழுதிப் பழக எந்த வழி நல்லது? குவாங்ஜோவிலும் யீவூவிலும் சரக்கு எடுக்கும் வியாபாரிகளும், சீன மொழி மேல் ஆசைப்பட்டுத் தாமாகவே கற்கிறவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். கேள்வி ஒன்றாக இருந்தாலும் எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் ஒரு சில நூறு எழுத்துகளைக் காகிதத்தில், சரியான கோட்டு வரிசையில், அதாவது எந்தக் கோட்டுக்குப் பின் எந்தக் கோடு என்ற ஒழுங்கில், கையால் எழுதித்தான் ஆக வேண்டும். அதற்கு மேல் எவ்வளவு எழுதலாம், எப்போது நிறுத்தலாம், செயலியை எங்கே சேர்க்கலாம் என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் அந்த முதல் சில நூறைத் தாண்டிக் குதிக்க யாருக்கும் குறுக்குவழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

எழுதவே வேண்டாமா?

கையால் எழுதாமலே இருந்துவிடலாமா என்பதையும் ஒரு தேர்வாக எடுத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இன்று அது உண்மையிலேயே முடிகிற காரியம். பின்யின் தட்டச்சில் ஒலியை ரோமன் எழுத்தில் அடித்தால் போதும். அந்த ஒலிக்குரிய சீன எழுத்துகள் திரையில் வரிசையாக வரும், வேண்டியதைத் தொட்டு எடுத்துக்கொள்ளலாம். சீனர்களே பெரும்பாலும் இப்படித்தான் எழுதுகிறார்கள். பேனாவைக் கையில் எடுத்தால் எழுத்து நினைவுக்கு வராமல் தடுமாறுவது அங்கே படித்தவர்களிடமும் பரவலாக உள்ள குறை. வெளிநாட்டவரின் சீன மொழித் திறனை அளக்கும் எச்எஸ்கே தேர்வைக் கணினியில் எழுதினால் விடையைத் தட்டச்சு செய்தாலே போதும்.

பாடத்திட்டங்களும் இதை ஒத்துக்கொள்கின்றன. 2021இல் வந்த சீன மொழித் தரநிலை, வெளிநாட்டு மாணவருக்கு மொத்தம் 3,000 எழுத்துகளை வகுத்திருக்கிறது. அதில் கையால் எழுதத் தெரிய வேண்டியவை 1,200 மட்டுமே. அதுவும் தொடக்க நிலைக்கு 300, இடைநிலைக்கு இன்னும் 400, உயர்நிலைக்கு மேலும் 500 என்று பிரித்திருக்கிறார்கள். சீனாவின் தொடக்கப் பள்ளியிலும் இதே போக்குதான். 2011ஆம் ஆண்டுப் பாடத்திட்டப்படி முதல் இரண்டு வகுப்புகளில் சுமார் 1,600 எழுத்துகளை அடையாளம் காண வேண்டும், எழுதத் தெரிய வேண்டியவை சுமார் 800. தாய்மொழியாகக் கற்கும் பிள்ளைகளுக்கே வாசிப்புக்கும் எழுத்துக்கும் தனித்தனிக் கணக்கு இருக்கும்போது, கண்ணில் பட்டதையெல்லாம் எழுதிப் பழகி நாம் ஏன் களைத்துப் போக வேண்டும்?

அதற்காக அடியோடு எழுதாமல் இருப்பதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். 'மண்' என்ற பொருளுள்ள து, 'கற்றவர், வீரர்' என்ற பொருளுள்ள ஷி, இந்த இரண்டு எழுத்துகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் மூன்றே கோடுகள்: கிடைக்கோடு, செங்குத்துக்கோடு, அடியில் இன்னொரு கிடைக்கோடு. மண்ணில் அடிக்கோடு நீளம், வீரரில் மேல்கோடு நீளம். வேறு எந்த வித்தியாசமும் கிடையாது. வாசிக்க மட்டும் பழகியவரின் கண் இதைக் கவனிப்பதே இல்லை. இரண்டையும் நான்கு முறை எழுதிப் பார்த்தவருக்குக் குழப்பம் வராது, எந்தக் கோட்டை நீட்ட வேண்டும் என்று கை ஒவ்வொரு தடவையும் முடிவெடுத்திருக்கும். இப்படிப்பட்ட இரட்டையர்கள் சீன எழுத்தில் ஏராளம். தட்டச்சு மட்டும் தெரிந்தவர்கள் ஒலி ஒத்த எழுத்துகளின் பட்டியலில் தவறானதைத் தொட்டுவிடுவதும் பெரும்பாலும் இதனால்தான்.

கோட்டு வரிசை எதற்கு?

ஸ்ட்ரோக் ஆர்டர் எனப்படும் கோட்டு வரிசையைப் பள்ளிக்கூடக் கெடுபிடி என்று நினைக்கிறவர்கள் உண்டு. எழுதி முடித்த பிறகு எந்தக் கோடு முதலில் வந்தது என்று யாருக்குத் தெரியப் போகிறது என்பது அவர்கள் வாதம். மெதுவாக, அச்சுப்போல் எழுதும் வரைக்கும் அது சரிதான். வேகம் கூடும்போதுதான் சிக்கல்.

வேகமாக எழுதும்போது பேனா முழுசாகத் தாளை விட்டு எழும்பாது. ஒரு கோட்டின் முடிவும் அடுத்த கோட்டின் தொடக்கமும் மெல்லிய இழையால் இணைந்துவிடும். ஷிங்ஷூ என்ற ஓட்ட எழுத்து அப்படி உருவானதுதான். 'நீர்' என்பதைக் குறிக்க எழுத்தின் இடப்பக்கம் வரும் மூன்று புள்ளிகளில் கீழிரண்டும் வேகத்தில் சேர்ந்து ஒரே வளைவாகிவிடுகின்றன. எல்லாரும் ஒரே வரிசையில் எழுதுவதால் எல்லார் கையிலும் அந்த இழை ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் விழும். வாசிப்பவர் அதைத் தெரிந்துகொண்டு படிக்கிறார். வரிசை தப்பினால் இழை வேறு இடத்தில் விழும், அந்தக் கையெழுத்தைப் படிக்க ஆள் இருக்காது. 1956இல் சீன அரசு அறிவித்த எளிய வடிவங்களில் பலவும் இந்த வேகக் கையெழுத்திலிருந்து வந்தவைதான். 'புத்தகம்' என்ற ஷூ 10 கோட்டிலிருந்து 4 கோடாகவும், 'வண்டி' என்ற ச 7 கோட்டிலிருந்து 4 கோடாகவும் சுருங்கியது அப்படித்தான்.

விதிகள் அதிகமில்லை. மேலிருந்து கீழ், இடமிருந்து வலம். கிடைக்கோடும் செங்குத்துக்கோடும் வெட்டிக்கொண்டால் கிடைக்கோடு முதலில். இடப்பக்கம் சாயும் கோடு முந்தி, வலப்பக்கம் சாயும் கோடு பிந்தி. நடுவில் ஒன்றும் இருபுறமும் ஒவ்வொன்றும் இருந்தால் நடுவிலிருப்பது முதலில். பெட்டி வடிவமாக இருந்தால் முதலில் சட்டம், பிறகு உள்ளே இருப்பது, கடைசியில் அடிக்கோட்டைப் போட்டு மூடுவது. 'நாடு' என்ற குவோவுக்கு மொத்தம் 8 கோடுகள்: சட்டத்துக்கு 2, உள்ளே 5, மூட 1. இவ்வளவையும் ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம். விதிவிலக்குகள்தான் நாள் பிடிக்கும். 'வலிமை'யும் 'ஒன்பது'ம் பார்க்கக் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருக்கும், இரண்டுக்கும் இரண்டே கோடுகள். வலிமையில் வளைந்த கோடு முதலில், ஒன்பதில் சாய்கோடு முதலில். இதற்கு விதி தேடிக்கொண்டிருக்காமல் கையைப் பழக்கிக்கொள்வதுதான் வழி.

தமிழ் எழுதிப் பழகிய கைக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருப்பதைப் பலரிடம் கவனித்திருக்கிறேன். நாம் பேனாவை எடுக்காமல் சுழித்துச் சுழித்து எழுதுகிறவர்கள். 'வாய்' என்ற கோவ், வெறும் ஒரு சதுரம். அதை வரையச் சொன்னால் தமிழ்க் கை முதலில் 'ட' போடுகிறது: இடக்கோட்டை இறக்கி, அப்படியே வலப்பக்கம் திருப்பி அடிக்கோடு. பிறகு மேலே ஒரு மூடி. சீன முறையில் இது நேர் தலைகீழ். இடக்கோட்டை இறக்கிப் பேனாவை எடுத்துவிட வேண்டும். மறுபடி மேலே போய், மேல்கோட்டையும் வலக்கோட்டையும் ஒரே திருப்பத்தில் போட வேண்டும். கடைசியில்தான் அடிக்கோடு. மொத்தம் 3 கோடுகள். இந்தச் சதுரம் நூற்றுக்கணக்கான எழுத்துகளுக்குள் உறுப்பாக வருகிறது. இதில் 'ட' பழக்கம் ஒட்டிக்கொண்டால் அத்தனையிலும் தப்பு வரும். எந்த முறையில் கற்றாலும் சரி, முதல் வாரத்தில் இதை யாராவது பக்கத்திலிருந்து பார்த்துத் திருத்தியாக வேண்டும்.

கட்ட நோட்டு

சீனப் பிள்ளைகளின் நோட்டில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சதுரம் இருக்கும். சதுரத்துக்குள் குறுக்கும் நெடுக்கும் புள்ளிக்கோடு போட்டிருந்தால் அது தியென்ஸிகெ. மூலைவிட்டக் கோடுகளும் சேர்ந்திருந்தால் மிஸிகெ. முன்னது பென்சிலுக்கும் பேனாவுக்கும் போதும், பின்னது தூரிகைக்காரர்களுக்கு அதிகம் உதவும். கடையில் கிடைக்காவிட்டால் ஏ4 தாளில் அச்செடுத்துக்கொள்ளலாம். பெரியவர்கள்கூட முதல் சில வாரம் பென்சிலையே பிடிப்பது நல்லது. தாளோடு உரசும் பென்சில் கையை நிதானமாக்கும், வழுக்கி ஓடும் பேனாவில் அந்த நிதானம் வராது.

இந்த நோட்டின் பெரிய பலம், அளவு பிடிபடுவது. எழுத்தின் இடப்பாதி எவ்வளவு ஒல்லியாக இருக்க வேண்டும், எந்தக் கோடு நடுக்கோட்டைத் தொட வேண்டும், எது தொடக் கூடாது என்பதெல்லாம் அந்தப் புள்ளிக்கோட்டை வைத்துத்தான் புரியும். 16 கோட்டு எழுத்தும் 2 கோட்டு எழுத்தும் ஒரே அளவுச் சதுரத்துக்குள் அடங்க வேண்டும் என்பது சீன எழுத்தின் அடிப்படைக் கட்டுப்பாடு. அதை விரலால் திரையில் எழுதிக் கற்க முடியாது.

நோட்டின் பெரிய பலவீனம், அது வாய் திறக்காது என்பது. பக்கம் முழுக்க ஒரே எழுத்தைத் தப்பான வரிசையில் நிரப்பினாலும் பார்க்க அழகாகவே இருக்கும். ஆசிரியரும் ஒரு குட்டு வைக்காமல் சரி போட்டுவிடுவார். பெற்றோரிடம் நான் அழுத்திச் சொல்வது இதைத்தான்: எழுதி முடித்த நோட்டைப் பார்க்காதீர்கள், எழுதும்போது கையைப் பாருங்கள். சீனம் ஓர் எழுத்துகூடத் தெரியாத அம்மாவாலும் இது முடியும். பென்சில் மேலேயிருந்து தொடங்குகிறதா? இடப்பக்கம் முடிந்த பிறகுதான் வலப்பக்கம் போகிறதா? பெட்டியை மூடும் கோடு கடைசியில் வருகிறதா? இந்த மூன்றை மட்டும் பத்து நிமிடம் உட்கார்ந்து கவனித்தால் பெரும்பாலான தவறுகள் அங்கேயே அகப்பட்டுவிடும்.

மேலே வரைந்து பழகும் அச்சுப் புத்தகங்கள் பற்றி ஒரு வார்த்தை. மங்கலாக அச்சிட்ட எழுத்தின் மேலேயே எழுதுவதை ஓரிரு முறை செய்யலாம், அதற்கு மேல் கூடாது. எழுத்துகளைப் பள்ளமாக வெட்டி, மறையும் மையோடு விற்கிறார்களே, அந்தப் புத்தகங்கள் வேண்டவே வேண்டாம். பேனாவைப் பள்ளமே இழுத்துக்கொண்டு போகிறது, மூளைக்கு அங்கே வேலை இல்லை. பிள்ளை மணிக்கணக்கில் எழுதியதுபோல் தெரியும். மறுநாள் திங்ஷியேவில், அதாவது ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதும் தேர்வில், ஒன்றும் வராது.

செயலி

நோட்டு வாய் திறக்காத இடத்தில் செயலி பேசுகிறது. ஸ்கிரிட்டர் போன்ற செயலியில் விரலாலோ திரைப்பேனாவாலோ ஒவ்வொரு கோடாக எழுதுகிறோம். அடுத்து வர வேண்டிய கோட்டைப் போட்டால் ஏற்றுக்கொள்ளும், வேறொன்றைப் போட்டால் ஏற்காது. தடுமாறினால் குறிப்புக் காட்டும். மறக்கப் போகிற நேரம் பார்த்து அதே எழுத்தைத் திரும்பக் கொண்டுவரும். இது சந்தா கட்டிப் பயன்படுத்துவது. பிளீகோ அடிப்படையில் அகராதி. கோட்டு வரிசைப் படங்கள் அதில் கூடுதல் கட்டணப் பகுதியாகக் கிடைக்கின்றன. காசு செலவழிக்க விருப்பம் இல்லையென்றால் ஹான்ஸி ரைட்டர் என்ற திறந்தமூல நிரலை வைத்து இயங்கும் இணையதளங்கள் பல உண்டு. 9,000க்கும் மேற்பட்ட எழுத்துகளை அதில் கோடு கோடாக ஓடவிட்டுப் பார்க்கலாம், எழுதிச் சோதித்தும் பார்க்கலாம்.

வரிசையைச் சொல்லித்தர இதைவிடப் பொறுமையான துணை கிடையாது. நள்ளிரவில் கேட்டாலும் திருத்தும். தனியாகக் கற்கிறவருக்கு இது பெரிய வரம் என்றே சொல்வேன்.

ஆனால் செயலியை மட்டும் நம்பியவர்களின் கையில் ஒரு பேனாவைக் கொடுத்துப் பாருங்கள். வரிசை சரியாக இருக்கும், எழுத்து குலைந்திருக்கும். காரணம் எளிது. விரலால் கோணலாக இழுத்த கோட்டைச் செயலி சட்டென்று அழகான அச்சுக் கோடாக மாற்றிக் காட்டிவிடுகிறது. தன் கை அப்படித்தான் எழுதுகிறது என்று கற்பவர் நம்பிவிடுகிறார். இன்னொன்று, முதல் கோட்டைப் போட்டதும் திரையில் அது சரியான இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வதால் அடுத்தது என்ன என்று ஊகிக்க வழி கிடைத்துவிடுகிறது. வெள்ளைத்தாள் அப்படி எந்தத் துப்பும் கொடுக்காது. உங்கள் செயலியில், போட்ட கோட்டைத் திருத்தாமல் அப்படியே விட்டுவிட்டு எழுத்து முடிந்தபின் மதிப்பிடும் அமைப்பு இருந்தால் அதை முதல் நாளே போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால் நான் நோட்டைத்தான் எடுப்பேன், வரிசையைப் பார்க்க இலவசத் தளம் ஒன்று பக்கத்தில் இருக்கும்வரை. இரண்டும் சேர்ந்தால் வேலை இப்படிப் பிரியும்: புது எழுத்தை முதலில் திரையில் ஓடவிட்டுப் பார்ப்பது, தாளில் நான்கைந்து முறை எழுதுவது, தாளை மூடிவிட்டு நினைவிலிருந்து ஒரு முறை எழுதுவது. மறுநாளிலிருந்து மீள்பார்வையைச் செயலியிடம் விட்டுவிடலாம். ஒரே எழுத்தை ஒரே அமர்வில் ஐம்பது தடவை எழுதுவதால் பயனில்லை. பத்தாவது தடவைக்கு மேல் கைதான் ஓடும், மனம் வேறெங்கோ போயிருக்கும். இன்று ஐந்து, நாளை மூன்று, அடுத்த வாரம் இரண்டு என்று பரப்பி எழுதினால் அதைவிட நன்றாக நிற்கும்.

ஆசிரியர், தூரிகை

சீன வகுப்பறைகளில் ஒரு காட்சி உண்டு. ஆசிரியர் கரும்பலகையில் எழுத, பிள்ளைகள் எல்லாரும் ஆள்காட்டி விரலை உயர்த்திக் காற்றில் எழுதுவார்கள். எழுதிக்கொண்டே கோட்டின் பெயரையும் உரக்கச் சொல்வார்கள். கிடைக்கோட்டுக்கு ஹெங், செங்குத்துக்கு ஷூ, இடச்சாய்வுக்கு பியெ, வலச்சாய்வுக்கு நா, புள்ளிக்கு தியென். கண், கை, வாய் மூன்றும் சேர்ந்து வேலை செய்கின்றன. இதைத் தனியாகக் கற்கிற பெரியவர்களும் செய்யலாம், காசு பணம் வேண்டாம். கோட்டின் பெயர் வாயில் வந்துவிட்டால் கைபேசியின் கோட்டு விசைப்பலகையும் வசப்படும். அதில் கிடை, செங்குத்து, இடச்சாய்வு, புள்ளி, வளைவு என்று ஐந்தே விசைகள்தாம். எழுத்தின் கோடுகளை வரிசையாக அழுத்த வேண்டும். பின்யின் பழகாத முதியவர்கள் பலர் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். வரிசை தெரியாவிட்டால் இந்த முறையில் ஓர் எழுத்தும் அடிக்க முடியாது.

நல்ல ஆசிரியர் அமைந்தால் அதற்கு ஈடு எதுவும் இல்லை. பேனாவைப் பிடிக்கும் விதம், எங்கே அவசரப்படுகிறோம், எந்தக் கோட்டைத் தொடங்கத் தயங்குகிறோம் என்பதெல்லாம் செயலிக்குத் தெரியாது, ஆசிரியருக்குத் தெரியும். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் ஆள் கிடைப்பது எளிது. தமிழ்நாட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் இணைய வகுப்பைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. இணைய ஆசிரியர்களில் பலர் பேச்சுப் பயிற்சிக்கே நேரத்தைக் கொடுத்துவிட்டு எழுத்தை வீட்டுப்பாடமாகத் தள்ளிவிடுகிறார்கள். எழுதிய தாளைப் படமெடுத்து அனுப்பச் சொல்வார்கள், ஆனால் படத்தில் வரிசை தெரியாது. ஆகவே சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்: நான் எழுதுவதை நேரில் பார்ப்பீர்களா? கைபேசியை மேலே நிறுத்தி, எழுதும் கையை இரண்டு நிமிடக் காணொளியாக எடுத்து அனுப்பினால் போதும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை இப்படிச் செய்து திருத்தம் வாங்கிக்கொண்டால் வாராவாரம் எழுத்து வகுப்புக்குக் காசு கட்டத் தேவையில்லை.

தூரிகை எனக்கு மிகவும் பிடித்த வழி. ஆனாலும் அதை முதல் வழியாகச் சொல்ல மாட்டேன். 300 எழுத்துகளைத் தூரிகையில் கற்கப் போனால் வருடம் ஓடிவிடும். வேறொன்றை அது கற்றுத்தரும்: ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு தொடக்கம், ஓர் அழுத்தம், ஒரு முடிவு உண்டு என்பதை. 'என்றென்றும்' என்ற பொருளுள்ள யோங் என்னும் எழுத்தை வைத்துத்தான் எழுத்துக் கலையின் எட்டு அடிப்படைக் கோடுகளையும் பரம்பரையாகச் சொல்லித்தருகிறார்கள். அந்த ஒற்றை எழுத்தைச் சில வாரம் தூரிகையில் எழுதியவரின் பேனா எழுத்தும் தானாகத் திருந்துவதைப் பார்க்கலாம். மை வாங்கி வீட்டைக் கறையாக்க வேண்டாம், தண்ணீர் தொட்டு எழுதும் துணி கிடைக்கிறது. ஈரம் பட்ட இடம் கறுப்பாகும், சில நிமிடத்தில் காய்ந்து மறையும். சீன நகரங்களின் பூங்காக்களில் காலை வேளையில் முதியவர்கள் நீளக் கம்பில் பொருத்திய பஞ்சுத் தூரிகையைத் தண்ணீரில் தோய்த்துத் தரையில் எழுதுவதும் இதே முறைதான். நோட்டு என்றாலே முகம் சுளிக்கும் பிள்ளையை இந்தத் துணி முன்னால் உட்காரவைத்துப் பாருங்கள்.

எந்த நாட்டு வரிசை?

இதைப் பலர் யோசிப்பதே இல்லை, பிறகு குழம்பிப்போகிறார்கள். கோட்டு வரிசை எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. சீனா 1997இல் 7,000 எழுத்துகளுக்கு வரிசை வகுத்தது. பின்பு 8,105 எழுத்துகளுக்கான புதிய விதியை 2021 மார்ச் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தைவான் கல்வி அமைச்சு 1996இல் தனிக் கையேடு வெளியிட்டது. ஜப்பான் கல்வி அமைச்சு 1958இலேயே 881 எழுத்துகளுக்குக் கையேடு போட்டுவிட்டது.

'வயல்' என்ற எழுத்து ஒரு சதுரத்துக்குள் ஒரு கூட்டல் குறி. சீன முறையில் அந்தக் கூட்டல் குறியின் கிடைக்கோடு முதலில், ஜப்பானிய முறையில் செங்குத்து முதலில். 'அரசன்' என்ற எழுத்தில் சீனர்கள் இரண்டு கிடைக்கோட்டைப் போட்டுவிட்டுச் செங்குத்தை இறக்குவார்கள். ஜப்பானியர்கள் ஒரு கிடைக்கோட்டோடு இறக்கிவிடுவார்கள். 'உண்டு' என்ற எழுத்தைச் சீனர் கிடைக்கோட்டில் தொடங்க, ஜப்பானியர் சாய்கோட்டில் தொடங்குகிறார். தைவானின் தரவடிவத்தில் எழுத்தின் தலையில் வரும் 'புல்' உறுப்புக்கு 4 கோடு, சீனாவில் 3. யூடியூபில் தேடினால் இவை எல்லாம் கலந்து வரும். பார்க்க ஒரே எழுத்து என்பதால் எந்த நாட்டுக் காணொளி என்று தெரியாமலே பிள்ளை கற்றுக்கொள்ளும்.

மலேசியாவும் சிங்கப்பூரும் எளிய வடிவத்தையே கற்பிக்கின்றன, எச்எஸ்கேயும் அப்படித்தான். ஆகவே பெரும்பாலான தமிழர்களுக்குச் சீனாவின் வரிசையே பொருந்தும். தைவானில் படிக்கப் போகிறவர் மட்டும் அந்நாட்டுக் கல்வி அமைச்சின் வரிசைத் தளத்தை வைத்துக்கொள்ளலாம். ஒன்றைப் பிடித்தால் அதிலேயே நில்லுங்கள். இன்னொரு நாட்டுக்காரர் வேறு மாதிரி எழுதினால் அது தப்பு என்று சண்டை போடவும் வேண்டாம். ஜப்பானின் 1958 கையேடே, தான் காட்டாத பழைய வழக்கங்களைத் தவறு என்று சொல்வதாக எண்ண வேண்டாம் என்று எழுதிவைத்திருக்கிறது.

யாருக்கு எது

சீனப்பள்ளிப் பிள்ளைக்கு: கட்ட நோட்டு, பக்கத்தில் பெரியவர் ஒருவர், வாரத்தில் ஓரிரு நாள் தண்ணீர்த் துணி. முதல் இரண்டு ஆண்டுகளில் செயலி தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. வரிசையில் சந்தேகம் வந்தால் பெற்றோர் பார்த்துக்கொள்ள ஓர் இணையதளம் போதும். இடக்கைப் பிள்ளையாக இருந்தாலும் வரிசை மாறாது. தாளை வலப்பக்கமாகச் சற்றுச் சாய்த்து வைத்தால் எழுதிய கோட்டைக் கை மறைக்காது.

மருத்துவ மாணவருக்கு: கிளம்பும் முன்பே முதல் 300 எழுத்துகளைத் தாளில் முடித்துவிடுங்கள். பல பல்கலைக்கழகங்கள் மருத்துவமனைப் பயிற்சிக்கு முன் எச்எஸ்கே 4ஆம் நிலையைக் கேட்கின்றன. அந்த நேரத்தில் எழுத்துப் பயிற்சிக்கு அவகாசம் இருக்காது. 300க்குப் பிறகு எல்லாவற்றையும் எழுதத் தேவையில்லை, எழுத்தின் உறுப்புகளை, அதாவது பல எழுத்துகளில் திரும்பத் திரும்ப வரும் பகுதிகளை, மட்டும் எழுதிப் பழகினால் போதும். கல்லீரல், நுரையீரல், இரைப்பை, மூளை, கால் ஆகிய ஐந்துக்கும் உரிய எழுத்துகளில் 'சதை' உறுப்பு வருகிறது, 4 கோடு. நோய்களின் பெயர்களை மேற்புறமும் இடப்புறமும் அணைத்து நிற்பது 'நோய்' உறுப்பு, 5 கோடு: புள்ளி, கிடை, இடச்சாய்வு, பிறகு இடப்புறம் ஒரு புள்ளி, கீழிருந்து மேலேறும் ஒரு கோடு. இந்த இரண்டும் கைக்குள் வந்துவிட்டால் மருத்துவச் சொற்களில் பாதிப் பயம் போய்விடும். தேர்வைக் கணினியில் எழுதுங்கள்.

வியாபாரிக்கு: முதல் சில நூறு எழுத்துகளுக்குப் பிறகு தட்டச்சு போதும். எண்களை மட்டும் கையால் எழுதிப் பழகுங்கள். ரசீதிலும் காசோலையிலும் தொகையைத் திருத்த முடியாதபடி எழுதுவதற்கென்று தனிப் பெரிய எண் வடிவங்கள் உண்டு. அவற்றை வாசிக்கத் தெரிந்தால் போதும், எழுத வேண்டியதில்லை.

ஆசையால் கற்கிறவருக்கு அவசரம் இல்லை, அதனால் எல்லாவற்றையும் செய்யலாம்: நோட்டு, தூரிகை, சந்தா கட்டிய செயலி. அவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்வேன். முதல் வாரம் புதிய எழுத்துகளைத் துரத்தாமல் ஒன்று, இரண்டு, மூன்று, பத்து, மனிதன், வாய், சூரியன், வயல், சிறியது, நீர் என்ற பத்தோடு நின்றுவிடுங்கள். கிடைக்கோட்டுக்குப் பின் செங்குத்து வருவது 'பத்து' எழுதும்போது பிடிபடும். இடச்சாய்வும் வலச்சாய்வும் 'மனிதன்' எழுத்தில் வருகின்றன. நடுக்கோடு முந்துவதைச் 'சிறியது', 'நீர்' இரண்டிலும் பார்க்கலாம். பெட்டியைக் கடைசியில் மூடுவதற்கு வாய், சூரியன், வயல் என்று மூன்று எழுத்துகள் இருக்கின்றன. அந்த வாரக் கடைசியில் எழுதும் கையை ஒரு காணொளி எடுத்து, கோட்டு வரிசைத் தளத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பதினொன்றாவது எழுத்துக்குப் போங்கள்.